யாருக்குத் துரோகம்?

சங்கீத ரசிகர்கள் போடும் சண்டையைப் போல நாகரிகமான சண்டையும் கிடையாது, இரக்கமற்ற சண்டையும் கிடையாது. யாரும் கையை ஓங்குவதில்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்து, "நீர் கேட்பது சங்கீதமே இல்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு நிதானமாகக் காப்பியை ஆற்றிக் குடிப்பார். அவ்வளவுதான், எதிராளி ஒரு வாரம் தூங்கமாட்டார். மேல்நாட்டுச் சங்கீத உலகில் இப்படி ஒரு சண்டை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. ஜொஹான் செபாஸ்டியன் பாஹும் அவர் காலத்தவர்களும் எழுதிய உருப்படிகளை அந்தக் காலத்து ஹார்ப்சிகார்டில்தான் வாசிக்க வேண்டுமா, இந்தக் காலத்துப் பியானோவில் வாசிக்கலாமா என்பது வழக்கு.

ஜெர்மனியில் எழுதியதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எந்தப் பெட்டியில் வாசித்தால் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன். ஒரு சொல் என்னை உள்ளே இழுத்துவிட்டது. என் நண்பர் ஒருவர் ஹார்ப்சிகார்ட் கட்சி. இசைத்தட்டுகளுக்கென்றே தச்சரை வரவழைத்துத் தனி அலமாரி செய்வித்தவர். பாஹைப் பியானோவில் வாசிப்பது 'துரோகம்' என்றார் அவர். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ருசி அவரவர் சொத்து. அதில் மற்றவருக்குப் பாகம் இல்லை. துரோகம் என்பதோ தர்ம நியாயத்தைச் சேர்ந்த சொல். 1750-இல் கண்ணை மூடிவிட்ட ஒரு மனிதருக்கு, 270 ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கும் நாம் துரோகம் செய்ய முடியுமா? முடியுமென்றால், எதைச் செய்தால் அது துரோகம்? எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது வேடிக்கைக் கேள்வி அன்று. நாளைக்கு நான் இல்லாதபோது என் எழுத்தை யார் எப்படிக் கையாளுவார்கள் என்ற சுயநலமும் இதில் கலந்திருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாத்தியங்களைப் பார்த்துவிடுவோம். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்தால் ஒட்டு உறவே கிடையாது. ஹார்ப்சிகார்டில் ஒரு கட்டையை அழுத்தினால், அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரச்சட்டம் எழும்புகிறது. அதன் பக்கவாட்டில் பறவை இறகின் தண்டைச் சீவிச் செய்த சிறு நகம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அண்டங்காக்கையின் இறகு இதற்கு விசேஷம். அந்த நகம் தந்தியைச் சுண்டிவிட்டு மேலே போகிறது. விரலை எடுத்தால் சட்டம் இறங்குகிறது. அதோடு இறங்கும் துணித்துண்டு தந்தியின்மேல் படிந்து நாதத்தை அடக்கிவிடுகிறது. சுண்டி எழுப்பும் நாதம் என்பதால் வீணைக்கு உறவு என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் வீணைக்காரரின் விரல் தந்தியையே தொடுகிறது. இங்கே விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தரகர் இருக்கிறார். கட்டையைப் பூவைத் தொடுவதுபோலத் தொட்டாலும், கோபத்தோடு குத்தினாலும், தரகர் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏறக்குறைய ஒரே செய்திதான். சத்தம் கூட வேண்டுமானால் இன்னொரு வரிசைத் தந்திகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசைகள் உள்ள வாத்தியமானால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கையை மாற்றலாம். படியேறலாம், படியிறங்கலாம், சரிவில் மெல்ல ஏறி மெல்ல இறங்க வழியில்லை.

இந்தக் குறை தீர ஒருவர் வழி கண்டார். ஃப்ளாரன்ஸ் நகரத்தில் மெடிசி இளவரசரின் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர், 1700 வாக்கில், சுண்டும் நகத்துக்குப் பதிலாகச் சிறு சுத்தியலை வைத்தார். சுத்தியல் தந்தியை அடித்ததும் விலகிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் நாதம் அங்கேயே செத்துப்போகும். அந்த விலகலுக்கு அவர் செய்த பொறிதான் பெரிய காரியம். விரலின் வேகம் சுத்தியலுக்குப் போயிற்று. மெல்லத் தொட்டால் மெல்லிய நாதம், விசையோடு தொட்டால் உரத்த நாதம். இரண்டையும் தருவது என்று நீளமாக வைத்த பெயர் வாயில் தேய்ந்து 'பியானோ' ஆயிற்று. அவர் செய்தவற்றில் மூன்று இன்னமும் பிழைத்திருக்கின்றன. 1720-இல் செய்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. அந்த ஒல்லியான மரப்பெட்டியையும், வார்ப்பிரும்புச் சட்டத்தில் ஏறக்குறைய 20 டன் இழுவிசையைத் தாங்கி நிற்கும் இன்றைய கச்சேரிப் பியானோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றொன்றின் கொள்ளுத்தாத்தா என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பியானோ கட்சியார் வழக்கமாக ஒரு வாதம் சொல்வார்கள்: "பாஹுக்கு மட்டும் நம்முடைய பியானோ கிடைத்திருந்தால் ஹார்ப்சிகார்டைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாகப்பிரிவினைகள் ஞாபகம் வரும். பெரியவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அந்த வடக்குத்தெரு வீடு எனக்குத்தான் என்று அவர் மனசில் இருந்தது" என்பான் ஒரு பிள்ளை. செத்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்ற தைரியம்! இறந்தவருடைய விருப்பத்தை நம் சௌகரியத்துக்கு ஊகித்துக்கொள்வதைவிட, அவரை மதிக்காமலிருப்பது எவ்வளவோ நேர்மையானது.

தவிர, பாஹ் பியானோவைப் பார்க்காதவரும் அல்லர். காட்ஃப்ரீட் ஸில்பர்மன் என்ற வாத்தியத் தச்சர் ஜெர்மனியில் செய்த பியானோவை வாசித்துப் பார்த்து, கட்டை கனம், மேல் ஸ்தாயி பலவீனம் என்று குறை சொன்னார் என்று அவருடைய சீடர் அக்ரிகோலா எழுதி வைத்திருக்கிறார். ஸில்பர்மனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பல காலம் பாடுபட்டுத் திருத்தினார். பிறகு பாஹ் மெச்சினாராம். 1747 மே மாதம் பாட்ஸ்டாமில் பிரெடரிக் மன்னருடைய அரண்மனையில் ஸில்பர்மனின் பியானோக்களை வாசித்தார். 1749-இல் ஒரு பியானோ விற்ற வகையில் ரசீதே எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தனைக்கும், அச்சில் வெளியிட்ட புத்தகங்களில் வாத்தியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட இடத்தில் அவர் பியானோவைக் குறிப்பிடவில்லை. 1735-இல் வந்த இத்தாலியன் கான்செர்ட்டோவும் சரி, 1741-இல் வந்த, நாம் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்று அழைக்கும் புத்தகமும் சரி, இரட்டைக் கட்டை வரிசை கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு என்று முகப்பிலேயே சொல்கின்றன. ஆனால் 1722-ஆம் ஆண்டு என்று முகப்பில் எழுதிய பெரிய தொகுதிக்கு, 24 சுருதிகளிலும் ஒவ்வொரு ப்ரெல்யூடும் ஃப்யூக்கும் எழுதினாரே, அதற்கு, 'கிளாவியர்' என்று பொதுப்படையாக விட்டுவிட்டார்; கட்டை வைத்த வாத்தியம் எதுவானாலும் சரி. சாட்சி இரு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொல்கிறார். கெட்டிக்காரச் சாட்சி.

ஹார்ப்சிகார்ட் கட்சிக்கு வருவோம். அந்தக் கட்சியின் மகாராணி வாண்டா லாண்டோவ்ஸ்கா. போலந்தில் 1879-இல் பிறந்தவர். அவர் தலையெடுத்த காலத்தில் ஹார்ப்சிகார்ட் ஏறக்குறைய மியூசியச் சாமான். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பியானோவே உலகை ஆண்டது. பழைய ஹார்ப்சிகார்டுகள் பரணுக்கும் அடுப்புக்கும் போயின. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரபுக்களின் மாளிகைகளிலிருந்து பறிமுதல் செய்தவற்றைப் பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் குளிருக்கு விறகாக எரித்தார்கள் என்று சொல்வார்கள். லாண்டோவ்ஸ்கா நல்ல பியானோ வித்வாம்சினி; அந்தப் புகழை வைத்துக்கொண்டே சுகமாக இருந்திருக்கலாம். ஊர் சிரித்த ஒரு வாத்தியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1933-இல் கோல்ட்பர்க் முழுவதையும் ஹார்ப்சிகார்டில் வாசித்து இசைத்தட்டும் கொடுத்தார். "நீங்கள் பாஹை உங்கள் வழியில் வாசியுங்கள்; நான் அவர் வழியில் வாசிக்கிறேன்" என்று ஒரு சக கலைஞரிடம் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடியவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், 1912-இல் பாரிஸின் ப்ளெயெல் கம்பெனி அவருக்காகச் செய்துகொடுத்த ஹார்ப்சிகார்டைப் பாஹ் பார்த்திருந்தால் அது என்ன என்று கேட்டிருப்பார். ப்ளெயெல் பியானோ செய்கிற கம்பெனி. கனத்த உடம்பு, காலால் மிதித்து நாதம் மாற்றும் பெடல்கள், பழைய வாத்தியங்களில் மிக அபூர்வமாகவே இருந்த மந்தர ஸ்தாயித் தந்தி வரிசை. பின்னால் இரும்புச் சட்டமும் சேர்ந்தது. பிறகு வந்த தலைமுறை, 1949-இல் பாஸ்டனில் பட்டறை தொடங்கிய ஹப்பர்டும் டௌடும் போன்றவர்கள், பழைய வாத்தியங்களைப் பிரித்து, அளந்து, மரத்தின் கனம் முதற்கொண்டு நகல் எடுத்தபோது, மகாராணியின் வாத்தியம் 'அசல் அல்ல' என்று தள்ளுபடியாயிற்று. 'அவர் வழி' என்று எதைச் சொன்னாரோ அதுவே வேறு வழி என்று தீர்ந்துபோயிற்று. ஆனாலும் அந்த 1933-ஆம் வருஷத்துத் தட்டைக் கேட்டுப் பாருங்கள். கீறலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே ஒரு ராஜகம்பீரம் நடந்து வருகிறது. சரியான வாத்தியத்தில் பிற்காலத்தில் வாசித்த எத்தனையோ பேரிடம் அது இல்லை.

வாத்தியத்தையாவது நகல் எடுத்துவிடலாம். காதை எப்படி நகல் எடுப்பது? 1741-இல் ஒரு ஜெர்மானியரின் காது மோட்டார் ஹாரனைக் கேட்டதில்லை, ஒலிபெருக்கியைக் கேட்டதில்லை. நிசப்தமான அறையில் அந்த மெல்லிய நாதம் அவருக்குப் போதுமானதாயிருந்தது. நாமோ அதை இசைத்தட்டில் பிடித்து, திருகைத் திருகி, பியானோவுக்குச் சமமான சத்தத்தில் கேட்டுவிட்டு, அசல் பாஹைக் கேட்டதாக மகிழ்கிறோம். அந்தப் புத்தகமோ கச்சேரி மண்டபத்துக்கு எழுதியதே அன்று. சங்கீதப் பிரியர்கள் வீட்டில் தாங்களே வாசித்து மனத்தை ஆற்றிக்கொள்வதற்காக என்ற பொருளில்தான் முகப்பில் எழுதியிருக்கிறார். சாய்வு நாற்காலியில் கிடந்து கேட்கும் நம் எல்லோரையும்விடத் தப்புந்தவறுமாகத் தானே வாசித்துப் பார்க்கும் பெண்தான், அவள் எந்த வாத்தியத்தில் வாசித்தாலும், அவர் சொன்னதைச் செய்கிறவள்.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே, எதில் வாசித்தால் என்ன என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதாக வாசகர் நினைக்கக்கூடும். இல்லை. எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதன் காரணத்தைப் பிரான்ஸின் பெரிய ஹார்ப்சிகார்ட் வித்வான் பிரான்ஸுவா கூப்பரான் தாமே சொல்லி வைத்திருக்கிறார். 1713-இல் வெளியிட்ட முதல் புத்தகத்தின் முகவுரையில் அவர் எழுதுகிறார்: இந்த வாத்தியத்தில் நாதத்தைப் பெருக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது, ஆகையால் இதற்கும் பாவம் பேசக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு என்றும் நன்றியுடையவனாக இருப்பேன் என்பது அவர் கருத்து. குறையை மறைக்கவில்லை, பாருங்கள்! வாத்தியத்தை மாற்று என்றும் சொல்லவில்லை. அந்தக் குறைக்குள்ளேயே வழி தேடினார். ஒரு ஸ்வரத்தை உரக்கச் சொல்ல முடியாதா? ஒரு கணம் தாமதித்துச் சொல். காத்திருந்த காதுக்கு அது உரத்ததாகவே விழும். இன்னொன்றைச் சற்று முன்னதாகவே அடக்கிவிடு; அடுத்தது தானே எழுந்து நிற்கும். 1716-இல் எழுதிய வாத்தியப் பயிற்சி நூலில் இந்த இரண்டு தந்திரங்களுக்கும் பெயர் வைத்தே சொல்லிக்கொடுக்கிறார். கையில் கட்டு விழுந்தவன் கண்ணால் பேசக் கற்றதுபோல.

இதே கட்டுத்தான் பாஹின் எழுத்திலும் உட்புகுந்திருக்கிறது. ஓர் ஃப்யூக்கில் மூன்று குரல், நான்கு குரல் ஒரே சமயத்தில் போகின்றன. ஒரே வாக்கியத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் எடுத்துக்கொண்டு வருகிறது. பியானோக்காரர் என்ன செய்கிறார்? அந்த வாக்கியம் எந்தக் குரலில் வருகிறதோ அதை மட்டும் அழுத்தி, மற்றவற்றைத் தணித்துவிடுகிறார். "இதோ வந்துவிட்டது, பார்த்தீர்களா?" என்று விரல் நீட்டிக் காட்டுகிறார். நமக்குச் சிரமமில்லை. ஹார்ப்சிகார்டில் எல்லாக் குரலும் சரிசமம். நடுக்குரலில் அந்த வாக்கியம் நுழையும்போது யாரும் அறிவிக்கமாட்டார்கள். கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல நாமே தேட வேண்டும். சில தடவை தவறிவிடும். கண்டுபிடித்துவிட்ட தடவையில் ஏற்படும் சந்தோஷம் இருக்கிறதே, அது நம்முடையது, யாரும் கொடுத்ததன்று.

எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ஒரு விதவைத் தாய், மகன் ஊருக்குப் போன பிறகு அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்திருக்கிறாள் என்று எழுதியாயிற்று. பேனாவை அங்கே எடுத்துவிட வேண்டும். கை கேட்கிறதா? "அவள் உள்ளம் துடித்தது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறது. வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம்; உண்மையில் அது வாசகரிடம் நமக்குள்ள அவமதிப்பு. பியானோ அந்த வரியைச் சேர்க்கக் கூடிய வாத்தியம். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சேர்க்க முடியும் என்பதே ஆபத்து.

ஆகவேதான் கிளென் கூல்ட் என்ற கனடாக்காரர் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1955 ஜூன் மாதம், 22 வயதில், நியூயார்க்கில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து கோல்ட்பர்க் முழுவதையும் பியானோவில் வாசித்தார். பியானோவிடம் என்னென்ன சாமர்த்தியம் உண்டோ அதில் பெரும்பகுதியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். நாதத்தை மெழுகிவிடும் பெடல் வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரமும் உலர்ந்து, தனித்தனியாக, மணி மணியாக விழுகிறது. இடதுகைக் குரல் வலதுகைக்குச் சமமாக நிமிர்ந்து வழக்காடுகிறது. இரட்டைக் கட்டை வரிசைக்கென்று பாஹ் விதித்த 11 வேரியேஷன்களில் பியானோக்காரரின் இரண்டு கைகளும் ஒரே கட்டையில் மோதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கை மற்றொன்றின்மேல் ஏறி, கீழே புகுந்து, கழைக்கூத்து ஆடித்தான் தப்ப வேண்டும். அதையும் செய்தார். பாஹின் வாத்தியத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாத்தியம் பாஹுக்கு விதித்த கட்டுப்பாட்டைத் தாமாக ஏற்றுக்கொண்டார். சத்தம் போட முடிந்தவர் சத்தம் போடாமலிருந்தார். என் நண்பர் இவரைத் துரோகி என்றால், விசுவாசி என்று யாரைச் சொல்வது?

துரோகம் என்றால் நம்பினவர் ஒருவர் இருக்க வேண்டும். பாஹ் நம்மை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. நாம் பிறப்போம் என்றே அவருக்குத் தெரியாது. அவரைப் புண்படுத்தவும் நம்மால் இயலாது, சந்தோஷப்படுத்தவும் இயலாது. நம்புகிறவர் இன்னொருவர். முதல்முதலாக ஒரு தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, 'பாஹ் என்றால் இதுதான் போலிருக்கிறது' என்று காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாரே அவர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பியானோவில் வாசித்துவிட்டு 'பியானோவில் வாசித்தது' என்று மேலே அச்சிட்டுவிட்டால் கடனில் பாதி அடைந்துவிட்டது. மறுபாதி, அவர் வேண்டுமென்றால் மற்றதையும் போய்க் கேட்க வழி இருக்க வேண்டும். அந்த வழியை அடைப்பவர் யாரோ அவரிடம் என் நண்பரின் சொல்லைப் பிரயோகிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழி அநேகமாக அடைந்துதான் கிடந்தது. பியானோவில் கேட்டவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. லாண்டோவ்ஸ்காவின் வாத்தியம் அசலோ போலியோ, அடைந்த கதவைத் தோளால் முட்டித் திறந்தவர் அவர்.

அவருக்கு உலகம் செய்ததையும் சொல்ல வேண்டும். பாரிஸுக்கு அருகில் ஸேன்-லூ என்ற ஊரில் வீடும், சிறு கச்சேரி மண்டபமும், பள்ளிக்கூடமும் வைத்து, வாழ்நாளெல்லாம் தேடிய பழைய வாத்தியங்களையும் சுவடிகளையும் அங்கே சேர்த்திருந்தார். அவர் யூதர். 1940-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார். நாஜிகள் அந்த வீட்டைச் சூறையாடி, வாத்தியங்களையும் நூல்களையும் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். பாஹ் தங்கள் இனத்தின் சொத்து என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தாம். லாண்டோவ்ஸ்கா நியூயார்க்கில் வந்து இறங்கிய நாள் 1941 டிசம்பர் 7; பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த அதே நாள். வயது 62. இரண்டரை மாதம் கழித்து, 1942 பிப்ரவரியில், அந்த ஊர் டவுன் ஹாலில் உட்கார்ந்து கோல்ட்பர்க் முழுவதையும் வாசித்தார். பாஹுக்கு எது துரோகம் என்பதை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். பக்கத்து வீதியில் யாராவது அதே உருப்படியைப் பியானோவில் வாசித்திருந்தால் அவர் முகத்தைச் சுளித்திருப்பார், அதற்குமேல் ஒன்றுமில்லை.

கோல்ட்பர்க்கில் 25-ஆவது வேரியேஷன் ஒன்று இருக்கிறது. லாண்டோவ்ஸ்கா அதைக் 'கறுப்பு முத்து' என்று அழைத்தார். மெதுவாக, துக்கம் தொண்டையை அடைப்பதுபோல நகரும் ஒரு குரல். கீழே இரண்டு குரல்கள் அதைத் தாங்கிக்கொண்டு வருகின்றன. பாஹ் இதற்கும் இரட்டைக் கட்டை வரிசை விதித்திருக்கிறார். அதாவது அந்த மேல்குரல் மற்றவற்றிலிருந்து தனித்து ஒலிக்க வேண்டுமென்று அவரே எண்ணியிருக்கிறார். எல்லாம் சரிசமம் என்ற என் வாதம் இங்கே மட்டும் கொஞ்சம் நொண்டுகிறது. கூல்ட் 1955-இல் இதற்கு ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்வரமும் தேய்ந்து மறைவதற்குள் அடுத்தது அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற 29-ஐயும் ஹார்ப்சிகார்டில் கேட்பது எனக்கு இப்போது பழகிவிட்டது. இது வரும்போது எழுந்துபோய்த் தட்டை மாற்றுகிறேன்.